பாதியில் நின்ற முள்

1. என் சித்தி மகளின் நிச்சயதார்த்தத்துக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து எங்கள் பழைய அம்பாசிடரில் கிளம்பினோம். அப்பா ஓட்டினார், அம்மா முன்னிருக்கையில், நான் பின்னால். போக வேண்டிய ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே, கடற்கரையில்.

2. கிளம்பும்போது பெட்ரோல் மீட்டரின் முள் பாதியைக் காட்டியது.

3. செய்துங்கநல்லூர் தாண்டி, சாலையின் இரண்டு பக்கமும் வாழை நிற்கிற இடத்தில் வண்டி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. முள் அப்போதும் பாதியில்தான் இருந்தது.

4. பெட்ரோல் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அப்பா பானெட்டைத் திறந்து, பெட்ரோலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்.

5. வெயில் ஏறியது. அம்மா பட்டுப்புடவையோடு, மடியில் அல்வா டப்பாவோடு, வாழைத்தார் ஏற்றி வந்த ஒரு மினி லாரியைக் கைகாட்டி நிறுத்தி, அதில் தனியாக ஏறிப் போய்விட்டாள்.

6. அதற்குப் பிறகுதான் அப்பா டேங்கில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி காய்ந்தபடியே வெளியே வந்தது.

7. வீடு திரும்பியதும் அம்மா புடவைத் தலைப்பை விரித்துக் காட்டினாள். வாழைக்கறை. எந்த சோப்புக்கும் போகாத கறை. "சபை நடுவுல இதோட நின்னேன். இனி இந்த வண்டியில நான் கால் வைக்க மாட்டேன். வித்துருங்க" என்றாள்.

அம்மா ஒன்றைச் சொல்லிவிட்டால் மாற்ற மாட்டாள். அப்பா அவளோடு வாதாடவும் மாட்டார். ஒரு வாரத்துக்குள் திசையன்விளையிலிருந்து ஒரு பழைய கார் வியாபாரி போனில் பேசினார். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த பிறகு வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அந்தக் காரை நான் விடுவதாக இல்லை. அப்பா விசைப்படகு இன்ஜின்களைப் பழுது பார்த்தே வாழ்ந்தவர். கடற்கரையை விட்டு நாங்கள் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அவர் வாங்கிய முதல் பொருள் இந்த வண்டி. அப்போதே அது பழைய வண்டி. உப்புத்தண்ணீர் படாத ஒரு இன்ஜின் தன் கைக்கு வந்ததே என்று அவர் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். நான் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அதில்தான். ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் இருக்கிற வண்டியை ஒரு பெண் ஓட்டிப் போனால் வண்ணார்பேட்டை சிக்னலில் நிற்கிற எல்லாத் தலைகளும் திரும்பும். அது எனக்குப் பிடிக்கும். மறைக்க வேண்டியதில்லை.

தவிர, என் வேலையே இதுதான். லாரியோடு ஏற்றி எடை பார்க்கிற எடைமேடைகளைச் சரிபார்க்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். அரிசி ஆலை, கல்குவாரி, பஞ்சு மில் என்று மாவட்டம் முழுக்க அலைந்து, தவறான எண் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஊர் எடையையெல்லாம் சரிசெய்துவிட்டு வந்து, சொந்த வீட்டு வண்டியை ஒரு முள்ளுக்காக விற்க விடுவதா?

"ஞாயித்துக்கெழமை வரைக்கும் வண்டிய என்கிட்ட விடுங்கப்பா" என்று கேட்டேன்.

"மீட்டரு ஓடாதுன்னு சொல்லித்தான் அவர்ட்ட பேசியிருக்கு. நீ எதுக்கு மெனக்கெடுத?"

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பாக்கட்டுமே. ஊர்ல உள்ள தராசெல்லாம் பாக்கா. வீட்டு முள்ளயும் பாக்கட்டும். ஆனா நான் பஸ்ஸுலதான் கல்யாணத்துக்குப் போவேன், இப்பவே சொல்லிட்டேன்."

சித்தி மகளின் கல்யாணம் வரவிருந்தது. அதற்கு அம்மா இந்த வண்டியில் வருவாளா மாட்டாளா என்பதுதான் கேள்வி. வந்தால் வண்டி இருக்கும். வராவிட்டால் போகும்.

எடைமேடையில் எண் தவறினால் நான் மூன்று இடங்களைப் பார்ப்பேன். காட்டுகிற இடம், கொண்டுவருகிற வயர், உணர்கிற இடம். பெட்ரோல் மீட்டரும் அதே கதைதான். டாஷ்போர்டில் இருக்கிற முள் காட்டுகிறது. டேங்குக்குள் ஒரு கம்பியின் நுனியில் மிதவை இருக்கிறது. பெட்ரோல் ஏறினால் அது ஏறும், இறங்கினால் இறங்கும். மிதவையும் கம்பியும் சேர்ந்த அந்த அமைப்பை மெக்கானிக்குகள் டேங்க் யூனிட் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வயர். அவ்வளவுதான்.

முதலில் நோய்க்குறிகளை எழுதினேன். ஒன்று, முள் எப்போதும் பாதியில் நிற்கும். இரண்டு, பள்ளத்தில் வண்டி விழுந்தால் முள் மயங்கிச் சரிந்து பூஜ்யத்துக்குப் போகும். அப்பா டாஷ்போர்டில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். மெல்ல எழுந்து மறுபடி பாதிக்கு வரும். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த மயக்கத்தைத்தான் கோளாறு என்று நினைத்திருந்தோம். பாதியை யாரும் சந்தேகிக்கவில்லை.

"அது ரோட்டப் பாத்துப் பயப்படுது. நம்ம முள்ளு மேல தப்பில்ல" என்பது அப்பாவின் கட்சி.

"டேங்க் யூனிட்ட எப்பவாவது வெளிய எடுத்திருக்கியளா?"

"அங்கன ஒண்ணும் இருக்காது. அங்கன கைய வைக்காத."

அவர் பதில் சொன்ன வேகத்தை நான் அன்று கவனித்திருக்க வேண்டும்.

டிக்கியின் விரிப்பைத் தூக்கினால் ஒரு சிறு மூடி. அதன் கீழே டேங்கின் மேல்தட்டும் டேங்க் யூனிட்டின் தலையும். வயரைக் கழற்றினேன். அப்பா சாவியைப் போட்டு முள்ளைப் பார்த்துச் சொன்னார்: "பூஜ்யம்." அடுத்து வயர் நுனியை வண்டியின் உடம்பில் தொட வேண்டும், முள் முழுசுக்கு ஏற வேண்டும். தொட்டேன்.

"ஏறல" என்றார் அப்பா.

வேறொரு இடத்தில் தொட்டேன். அங்கும் ஏறவில்லை. அப்போதுதான் புரிந்தது: டிக்கிக்குள் பெயிண்ட் இல்லாத இரும்பு ஓரிடத்தில்கூட இல்லை. ஸ்க்ரூடிரைவரால் ஒரு மூலையைச் சுரண்டினேன். மேலே பச்சை, கீழே சாம்பல், அதற்கும் கீழே ஒரு நீலம், மறுபடி பச்சை, அடியில் ரெட் ஆக்சைடு. அதற்குப் பிறகுதான் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. அதில் வயரைத் தொட்டதும் அப்பா சத்தம் போட்டார். "ஏறுதுட்டி! பைய ஏறுது... முழுசு!"

ஆக, முள் நல்லது. வயரும் நல்லது. டேங்க் யூனிட்டிலிருந்து வண்டியின் உடம்புக்குப் போகிற எர்த் வயரின் ஸ்க்ரூ எங்கே என்று தேடினேன். அதன் தலையே தெரியவில்லை. ஸ்க்ரூ, வாஷர், வயரின் வளையம் எல்லாம் ஒரே பெயிண்ட் கட்டியாகி ஒரு மரு மாதிரி நின்றது. பள்ளத்தில் வண்டி குலுங்கினால் இந்த எர்த் விட்டுவிடும், முள் மயங்கும்.

இதற்குக் காரணம் எங்கள் குடும்பத்தை அறிந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் எல்லாம் கரையேறும். அடிப்பக்கம் சுரண்டி, பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து, மறுபடி கடலுக்கு இறக்குவார்கள். அப்பாவுக்கு அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். கடலை விட்டு வந்த பிறகும், தடைக்காலம் என்று செய்தியில் கேட்டால் அவர் கை பிரஷ்ஷைத் தேடும். படகு இல்லை. வண்டிதான் இருந்தது.

அம்மா வாசல் படியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "கரையில நிக்கிற வண்டிக்கு என்ன தடக்காலம்? எத்தன வருசம் கேட்டிருப்பேன்?"

"துரு ஏறாதுல்லா" என்றார் அப்பா.

"துரு ஏறல. கரண்டும் ஏறல."

ஸ்க்ரூவைக் கழற்றி, வளையத்தையும் அதன் கீழிருந்த இடத்தையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கிப் பூட்டி, மேலே லேசாக வேசலின் தடவினேன். வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனையில் சாக்கடைக்காகத் தோண்டி மூடாமல் விட்ட பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கினேன். முள் அசையவில்லை. திரும்பி வந்து மறுபடி இறக்கினேன். மயக்கமே இல்லை. பாதியில் சிப்பாய் மாதிரி நின்றது.

வீட்டு வாசலில் நிறுத்தி, "முடிஞ்சுது" என்று அறிவித்தேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அம்மா படியை விட்டு இறங்காமல் கேட்டாள். "இப்ப எவ்வளவு பெட்ரோல் இருக்குன்னு காட்டுது?"

"பாதி."

"அன்னைக்கும் அதத்தான காட்டுச்சு?"

அப்பா தன் குச்சியை எடுத்து டேங்கில் விட்டார். நுனியில் ஒரு விரல் அகலம் மட்டும் நனைந்திருந்தது. அதாவது, நான் மயக்கத்தைக் குணப்படுத்தியிருந்தேன். முன்பு தடுமாறிக்கொண்டு பொய் சொன்ன முள், இப்போது உறுதியாகப் பொய் சொன்னது. மூன்று இடங்களில் இரண்டைத்தான் பார்த்திருந்தேன். எடைமேடை விஷயத்தில் இப்படிச் செய்திருந்தால் என் மேலாளர் என்னைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

மூன்றாவது இடம் டேங்குக்குள் இருந்தது. சனிக்கிழமை காலை பேட்டரியைக் கழற்றிவிட்டு, டேங்கின் அடி நட்டைத் திறந்து மிச்ச பெட்ரோலை வடித்தேன். பெயிண்டில் புதைந்திருந்த ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பி, டேங்க் யூனிட்டின் தலையைத் தூக்கினேன். தலை வந்தது. கம்பி பாதி வந்தது. அதற்கு மேல் வரவில்லை. உள்ளே ஏதோ பெரிதாக, மெத்தென்று துவாரத்தை அடைத்துக்கொண்டு நின்றது. விரலை விட்டு நசுக்கி நசுக்கி இழுத்தேன். பெட்ரோல் மணிக்கட்டில் வழிந்தது. பிதுங்கி வெளியே வந்து விழுந்ததைப் பார்த்தால், ஆரஞ்சு நிறத்தில் ஒரு வலை மிதவை.

கடலில் வலையின் மேல் விளிம்பில் வரிசையாகக் கட்டியிருப்பார்களே, அதேதான். ஊதிப்போய், ஒரு சப்போட்டாப் பழ அளவுக்கு வந்திருந்தது. நடுவில் துளையிட்டு, வலை நூலால் கம்பியோடு கட்டியிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அப்பா பின்னால் நின்றிருந்தார்.

"பித்தள மிதவையில ஓட்ட விழுந்துட்டு. முங்கிட்டு" என்றார். "ஜங்ஷன்ல கேட்டேன், டவுண்ல கேட்டேன், கெடைக்கல. இது கையில இருந்துச்சு. எத்தன வருசம் கடல்ல கெடந்த மிதவ தெரியுமா? ஒண்ணும் ஆகல."

"போடுறதுக்கு முன்னால மிதக்குதான்னு பாத்தியளாப்பா?"

"பாக்காம போடுவனா? வாளியில போட்டுப் பாத்தேன். ஜம்முனு மெதந்துச்சு."

"வாளியில என்ன இருந்துச்சு?"

"தண்ணி..." என்று சொல்ல ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

கடல் தண்ணீரில் காலமெல்லாம் கிடந்தாலும் கெடாத அந்த மிதவை பெட்ரோலைக் குடித்து வீங்கியிருந்தது. வீங்கி, டேங்கின் உள்தடுப்புக்கும் சுவருக்கும் நடுவே பாதி உயரத்தில் சிக்கிக்கொண்டது. அதனால்தான் முள்ளும் பாதியிலேயே நின்றது. பெட்ரோல் நிரம்பினாலும் பாதி, காய்ந்தாலும் பாதி.

எனக்குச் சிரிப்புதான் வந்தது, கோபம் வரவில்லை. ஒரு மிதவை வேண்டும் என்றதும் உலகத்திலேயே நம்பகமான மிதவையைத் தேடிப் போட்டிருக்கிறார். சோதித்தும் பார்த்திருக்கிறார். அந்த முடிச்சை அவிழ்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெட்ரோலில் இத்தனை காலம் ஊறியும் ஒரு நூலிழைகூடத் தளரவில்லை. கடைசியில் பிளேடால் அறுத்தேன். என் அப்பாவின் கைவேலையில் தோற்காமல் நின்றது அந்த முடிச்சு, எனக்கு அதில் ஒரு கர்வம்.

"பழைய பித்தள மிதவைய என்ன செஞ்சிய?" என்று கேட்டேன்.

எங்கள் வீட்டில் இரும்பு எதையும் எறிந்ததில்லை, பித்தளையை எறிவார்களா? நட்டு, போல்ட்டு போட்டு வைத்திருக்கிற பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து அதை எடுத்துக் கொடுத்தார். காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே குளுக் குளுக் என்றது. ஓட்டை வழியாகப் போன பெட்ரோல் அதே ஓட்டை வழியாக வெளியே வராமல் கிடந்தது. அப்படியே சால்டரிங் வைத்தால் வெடிக்கும். அடுக்களையில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பாத்திரத்தை முற்றத்துக்குத் தூக்கிவந்து, மிதவையைத் தோசைத் திருப்பியால் அமுக்கிப் பிடித்தேன். விளிம்பில் ஓரிடத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக எழுந்தன.

"அங்கன பாரு, அங்கன பாரு!" அம்மா எப்போது படியிறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடியே, "என் தோசத் திருப்பி அது" என்றாள்.

குமிழி நிற்கும்வரை, உள்ளே சத்தம் அடங்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி முக்கி எடுத்தேன். வெயிலில் காய வைத்தேன். குமிழி வந்த இடத்தில் ஈயத்தை ஒரு சொட்டுக்கு மேல் வைக்கவில்லை; கனம் கூடினால் மிதவை தாழ்ந்து உட்காரும். மறுபடி வெந்நீர். குமிழி இல்லை. பிறகு ஒரு குவளையில் பெட்ரோல் ஊற்றி, அதில் மிதக்க விட்டு, வெளியே மூடி வைத்தேன். ஞாயிறு காலை பூசைக்குப் போகும் முன் திறந்து பார்த்தேன். மிதந்துகொண்டிருந்தது. அப்பாவும் வந்து குனிந்து பார்த்துவிட்டு, சட்டையைப் போட்டுக்கொள்ளப் போனார்.

பூசை முடிந்து வந்ததும் டேங்க் யூனிட்டைப் பூட்டினேன். இனி அளவு பார்க்க வேண்டும். நான் பின்னாலிருந்து கேனால் பெட்ரோல் ஊற்ற வேண்டும். ஒருவர் முன்னாலிருந்து முள்ளைப் படிக்க வேண்டும். அப்பா குச்சியோடு என் பக்கத்தில் வேண்டும். மிச்சம் அம்மாதான்.

"நான் உள்ள வரமாட்டேன். வெளிய நின்னே பாக்கேன்" என்று முன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

முதல் கேன் ஊற்றினேன்.

"ஒண்ணும் ஆகலயே."

"பைய வரும்மா. இது கரண்டுல சூடாகி ஏறுற முள்ளு. கொஞ்சம் பொறுங்க."

"ஆமா, வருது... வருது. நின்னுட்டு. மொதக் கோட்டுக்குக் கீழ."

அப்பா குச்சியைப் பார்த்தார். தலையசைத்தார். இரண்டாவது கேன். அம்மா குனிந்தபடியே நின்று நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வெயிலும் சுட்டது. மூன்றாவது கேனுக்கு முன்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முன்னிருக்கையில் பக்கவாட்டாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களும் வெளியே, தரையில்.

"என்ன பாக்க? கால் கீழதான இருக்கு. ஊத்து."

ஊற்றினேன். பாதிக் கோட்டுக்குச் சற்று மேலே என்றாள். குச்சி பாதி என்றது. யூனிட்டை மறுபடி வெளியே எடுத்து, கம்பியை மயிரளவு வளைத்து மாட்டினேன். இப்போது முள்ளும் குச்சியும் ஒரே சொல் சொன்னன. அந்தப் பாதி, என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் உண்மையான பாதி.

அந்த நேரத்தில்தான் திசையன்விளை வியாபாரி பைக்கை நிறுத்திவிட்டு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஹெல்மெட்.

"என்னம்மா, விக்கிற வண்டியில ஏறி உக்காந்திருக்கிய?"

"முள்ளு பாக்கேன் அண்ணாச்சி."

"ஓடாத முள்ளயா?"

"ஓடுதுல்லா. எட்டிப் பாருங்க."

அவர் எட்டிப் பார்த்தார். அப்பாவின் கையிலிருந்து குச்சியை வாங்கி, தானே டேங்கில் விட்டு, வெளியே எடுத்து, மறுபடி போய் முள்ளைப் பார்த்தார். "சரியாத்தான் காட்டுது. ஆரு பாத்தா? எந்த மெக்கானிக்?"

"எம் பொண்ணு" என்றாள் அம்மா. அப்பாவும் அதையே சொல்ல வாயெடுத்தார், அவள் முந்திக்கொண்டாள்.

"அப்பம் ரேட்டப் பத்தித் திரும்பப் பேசணும்னு சொல்லுவிய."

அம்மா முள்ளை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, ஒரு காலை உள்ளே வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். அம்பாசிடர் கதவு சாத்துகிற சத்தம் தெருவுக்கே கேட்கும்.

"பேச ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. வண்டி குடுக்கிறதா இல்ல. வீண் அலைச்சல் ஆயிட்டு, மன்னிச்சுக்கிடுங்க. உள்ள வந்து காப்பி குடிச்சிட்டுப் போங்க."

மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. காபியைக் குடித்துக்கொண்டே நடந்ததையெல்லாம் அப்பாவின் வாயால் கேட்டுச் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். கிளம்பும்போது, "இம்புட்டுத் தூரம் வந்ததுக்கு அந்த மிதவையையாவது குடுங்கவே, ஊர்ல காட்டணும்" என்றார்.

"அது தர முடியாது, காயுது" என்றார் அப்பா.

இன்றைய நிலை இது. வண்டி எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. முள் கால் அளவுக்குச் சற்று மேலே இருக்கிறது. குச்சியும் அதையே சொல்கிறது. எர்த் ஸ்க்ரூவைச் சுற்றி வட்டம் போட்டு 'இங்கே பெயிண்ட் கூடாது' என்று எழுதியிருக்கிறேன். வலை மிதவை ஜன்னலில் காய்ந்து கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்துவிட்டது. புடவைக் கறை போகவில்லை. கல்யாணத்துக்கு வண்டியில்தான் போகிறோம்: நான் ஓட்டுகிறேன், அம்மா முன்னிருக்கையில், அப்பா பின்னால்.